சாப்பிட்டீங்களா என்று கேட்டவன்

ஜூன் 3

இது ஒரு நகைக்கடை இலவசமாகக் கொடுத்த டைரி. அதுவும் போன வருஷத்தது. வக்கீல் சுடர்மதி மேடம் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி நீட்டினார்.

"தெனமும் எழுதுங்க வேல்மயில். கூண்டுல ஏறினதும் எல்லாம் மறந்துபோகும். எழுதிப் பழகினா வரிசையா வரும். கிழமை மட்டும் தப்பா இருக்கும், கண்டுக்காதீங்க."

என் வாழ்க்கையில் கிழமை மட்டும்தான் தப்பாக இருக்கிறது என்று நம்புகிறார். நல்ல மனசு.

வயது இருபத்தேழு. பி.இ. மெக்கானிக்கல். கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். அதற்கு முன்னால் ஏழு மாதம் அனிதாவாக இருந்தேன்.

அதை விளக்க வேண்டும். பொன்னுத்துரை அண்ணாச்சி மொபைல் கடை மாடியில் ஆபீஸ் போட்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி என்னை அனுப்பினார். விமானம், அப்புறம் காரில் எட்டு மணி நேரம், அப்புறம் படகில் ஐந்து நிமிஷம். டேட்டா என்ட்ரிக்குப் படகு எதற்கு என்று கேட்கத் தோன்றாத இன்ஜினியர் நான். அக்கரையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் கேட்டைப் பூட்டினான். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, சிங்கப்பூரில் அழகு நிலையம் நடத்தும் அனிதா என்ற பெண்ணாக நம் ஊர் ஆண்களோடு போனில் சாட் செய்து, மயக்கி, ஒரு பொய் முதலீட்டில் இறக்கிவிடுவது. பதினாறு பேர் என்னைக் காதலித்தார்கள். காலேஜில் நாலு வருஷம் ஒருத்தி திரும்பிப் பார்த்ததில்லை.

வேறு வேறு இடங்களிலிருந்து தப்பி வந்த மூன்று பேர் அண்ணாச்சி மேல் புகார் கொடுத்தார்கள். போலீஸ் என்னையும் தேடி வந்து வாக்குமூலம் வாங்கியது. அண்ணாச்சி இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்துவிட்டார். நான் இரண்டாம் சாட்சி; மேடம் புகார் கொடுத்தவர்கள் தரப்பு வக்கீல்.

அக்கரையிலிருந்து எப்படி விட்டார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மஞ்சள் காமாலை வந்துவிட்டது, வேலைக்கு ஆகமாட்டான் என்று விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல நோய். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ஜூன் 4

காலையில் இட்லி ஐந்து. கடையில் மனு பதினொன்று. தினமும் எழுதச் சொன்னாரே ஒழிய, தினமும் ஏதாவது நடக்கும் என்று மேடம் உத்தரவாதம் தரவில்லை.

ஜூன் 6

பேச்சியம்மாள் அத்தையைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது. என் உடம்பில் பாதி அவள் சாம்பார்தான். ரயில்வே கேட் பக்கத்தில் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு இட்லிக் கொப்பரை. அம்மா சிவகாசியில் அக்கா வீட்டோடு போய்விட்டதால் காலைச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

அத்தை மகன் இசக்கிராஜா என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவனும் இப்போது அந்த அக்கரைக் கேட்டுக்குள்தான் இருக்கிறான். நான் போய் ஆறரை மாதம் கழித்து வந்தான். பதினோரு நாள் எனக்குப் பக்கத்து நாற்காலி. அப்புறம் நான் வந்துவிட்டேன். மஞ்சள் காமாலை.

இன்றைக்கு அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். மாதம் ஒருதரம் அவனிடமிருந்து குரல் வரும். "நல்லா இருக்கேம்மா. வேல நல்லாப் போவுது. சாப்ட்டியாம்மா?" அவ்வளவுதான், ஒன்பது வினாடி. அத்தை அதை நாலு தடவை போட்டாள்.

"பாத்தியா மயிலு? இங்க இருக்கையில ஒரு நா கேட்டிருப்பானா? தட்டுல சோறு விழ நேரமானா வீட்ட ரெண்டாக்குவான். வெளிநாடு போயி மனுசனாயிட்டான்."

"ஆமா அத்தை."

"ஒனக்குத்தான் அந்த ஊரு ஒத்துக்கிடல. அவனுக்கு ஒத்துக்கிட்டுது. அந்த வக்கீலம்மா என்னையும் ஒரு மனுவுல கையெழுத்துப் போடச் சொல்லுது, புள்ளய மீட்டுத் தாங்கன்னு. நல்லா இருக்கவன எதுக்குய்யா மீக்கணும்? வேல போயிராதா?"

நான் இன்னொரு இட்லி கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் என்னால் எடுக்க முடிகிற துணிச்சலான முடிவு அதுதான்.

ஜூன் 7

ஒரு பெருமையான விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். நான் பரிசு வாங்கியவன்.

அங்கே மேலிடத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் வரும். முதல் நாள் வணக்கம், இரண்டாம் நாள் வானிலை என்று அதில் இருந்தது. கோயம்புத்தூர்க்காரனிடம் வானிலை விசாரித்தால் பிளாக் பண்ணிவிட்டுப் போய்விடுவான். நான்தான் சொன்னேன், ஒன்றும் வேண்டாம், காலையும் மத்தியானமும் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்போம். ஒரே வாரத்தில் பதில் மூன்று மடங்கு வந்தது. சூப்பர்வைசர் என்னை நாற்காலி மேல் ஏற்றி, அறுபது பேரைக் கைதட்டச் சொல்லி, ஒரு ஆப்பிள் கொடுத்தான்.

அன்றையிலிருந்து தமிழ்ப் பிரிவில் அது விதி ஆகிவிட்டது. வீட்டுக்குப் பேச விடும்போதும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பான். கடைசி வரி அதுவாக இருந்தால்தான் மெசேஜ் போகும்.

ஆப்பிளை அங்கேயே தின்றேன். விதையைக்கூட விடவில்லை. ஊருக்கு வந்த பிறகு நான் யாரையும் அந்தக் கேள்வி கேட்பதில்லை. அக்கா, "வீட்டுக்கு வந்தவங்கள ஒரு வார்த்த சாப்ட்டீகளான்னு கேக்க மாட்டியா, மரியாதை இல்லாத பய" என்று திட்டுகிறாள்.

ஜூன் 9

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பொன்னுத்துரை அண்ணாச்சி வந்தார். நான் எழுந்துவிட்டேன். எழுந்து நின்ற பிறகுதான் எழுந்திருப்பது தெரிந்தது. கிளாஸில் இருந்த டீ பாதி சட்டையில்.

"இரிலே, இரி" என்று தோளில் கை வைத்தார். வெள்ளைச் சட்டை, சந்தனம், அதே பல்வரிசை. "சாப்ட்டியாலே?"

"சாப்ட்டேன் அண்ணாச்சி."

"கேசு போலீஸ்காரன் போட்டது. ஒம்மேல எனக்கு என்ன கோவம்? நீ எங்கண்ணு முன்னால வளந்த பய. ஒன் வீடியோகூட எம்போன்ல பத்திரமா இருக்கு. ஒரு பயலுக்கும் காட்ட மாட்டேன். பேச்சியம்மாக்காவுக்கு வேற நெஞ்சு வலி. எதுக்கு அவுகளப் போட்டு..."

முடிக்காமல் போய்விட்டார். நான் பின்னாலேயே இரண்டடி நடந்துபோய், "வாரேன் அண்ணாச்சி" என்றேன். போனது அவர்.

என்ன வீடியோ என்று இங்கே எழுதப்போவதில்லை. மேடம் டைரியை வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பார்.

ஜூன் 12

இன்று கோர்ட். சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டேன்.

நீதிமன்றத்துக்கு வெளியே வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் நானும் இரண்டு ஜீவனாம்சக் கேஸ்களும் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி படியேறி வந்தார், வேர்த்திருந்தது. நான் எழுந்து, கைக்குட்டையால் பெஞ்சைத் தட்டிவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேடம் கேஸ் கட்டோடு வந்தார்.

"என் சர்வீஸ்ல பிறழ்சாட்சி பாத்திருக்கேன். காசு வாங்கின சாட்சி பாத்திருக்கேன். எதிரிக்கு பெஞ்சு தொடச்சு விட்ட சாட்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். ஜாமீன் நிபந்தனைப்படி அண்ணாச்சி என்னிடம் பேசவே கூடாதாம். அவர் எங்கே பேசினார், நான்தானே பேசினேன் என்றேன். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கை 26-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். தேதி சொல்லும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஜூன் 13

மேடம் போனில் மீதியையும் திட்டி முடித்தார்.

ஜூன் 16

ஜெராக்ஸ் கடைக்கே அண்ணாச்சி வந்தார். கையில் மாம்பழம். முதலாளி பேங்க்குக்குப் போயிருந்தார்.

அம்மாவை விசாரித்தார், அக்கா பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து கண் கலங்கினார். ஜெயிலில் பாயில்லாமல் தரையில் படுத்தாராம், முதுகு போய்விட்டதாம். "ஊருல ஒருத்தனும் வீட்டுக்கு வாரதில்லலே. நீ ஒருத்தன்தான் என்னய மனுசனா மதிக்கே. இத யார்ட்டயும் சொல்லல, ஒங்கிட்டத்தான் சொல்லுதேன். கேசு முடிஞ்சதும் எங்கூட ஆபீஸ்ல வந்து உக்காரு. ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அந்த ஊரும் தெரியும்." 26-ஆம் தேதி கூண்டில் ஏறி, மஞ்சள் காமாலை வந்தது, கம்பெனி நல்லபடியாக அனுப்பி வைத்தது, அண்ணாச்சி மேல் குற்றமில்லை என்று மட்டும் சொன்னால் போதுமாம். பேச்சியம்மாக்காவும் வந்து தன் மகன் நல்லா இருக்கான் என்று சொல்லப்போகிறாளாம், அவரே காரில் கூட்டி வருகிறாராம்.

நான் கண் கலங்கித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாவம், முதுகு வலியாமே.

அவர் போய் மாம்பழத்தை நறுக்கும்போதுதான் உறைத்தது. முதலில் சாப்பிட்டியா. அடுத்த வாரம் அம்மா எப்படி இருக்காங்க. அப்புறம் தன் கஷ்டத்தைச் சொல்லி ஒரு சொட்டுக் கண்ணீர். அப்புறம், உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். கடைசியில் நாம் இருவரும் சேர்ந்து ஒரு தொழில். இந்த வரிசையைப் பதினாறு பேரிடம் நான் அனிதாவாக டைப் அடித்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஒரு படிகூட விடாமல் என்மேலேயே ஒருவர் ஏறிப்போயிருக்கிறார், நான் கண் கலங்கியிருக்கிறேன்.

மாம்பழம் நல்ல இனிப்பு. எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். எனக்கு வெட்கம் வருகிறது, பசியும் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

ஜூன் 17

சரி, எழுதிவிடுகிறேன்.

வீடியோவில் நான் இருக்கிறேன். அயர்ன் செய்த சட்டை, அவர்களுடையது. பின்னால் ஏசி. நான் சிரித்துக்கொண்டே, "மாப்ளே, இங்க சூப்பரா இருக்குடா. மூணு வேளையும் சாப்பாடு. ஒனக்கும் ஒரு சீட்டு சொல்லி வச்சிருக்கேன். அண்ணாச்சியப் போயிப் பாரு, கெளம்பி வந்துரு" என்கிறேன். இசக்கி அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தான்.

அடித்தார்களா என்றால், அதற்கு முன்னால் அடித்திருக்கிறார்கள். கரண்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் சோறு இல்லாமல் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் என்னைத் தொடவில்லை. ஆளுக்கு ஆள் என்றான் சூப்பர்வைசர். ஊரிலிருந்து ஒருத்தன் வந்தால் நீ போகலாம். யோசித்துச் சொல்ல ஒரு நாள் கொடுத்தான். நான் அரை மணி நேரம்தான் எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை எனக்கு ஆறாம் வகுப்பில் வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

இசக்கி வந்து இறங்கியதும் கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்னலே, ஏசின்னே?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். பதினோரு நாளும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, "அம்மாட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிரு" என்றான். சொல்லிவிட்டேன். யாராவது சொன்ன காரியத்தை நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் அத்தை அந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

ஜூன் 20

மேடத்திடம் சொன்னேன். டைரியில் டீக்கடைப் பக்கத்தையும் வீடியோப் பக்கத்தையும் காட்டி மேஜையில் வைத்துவிட்டு, நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் படித்து முடித்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"மொதல்ல மஞ்சள் காமாலை நல்லா இருந்துச்சு மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "இதச் சொன்னீங்கன்னா உங்க மேலயும் கேஸ் வரலாம். சித்திரவதைக்குப் பயந்து செஞ்சதுன்னு நான் வாதாடுவேன். ஆனா உறுதி தர மாட்டேன்." அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "அந்த வீடியோவ நீங்க யாருக்கு அனுப்பினீங்க?"

"நான் எங்க அனுப்பினேன்? போன் ஏது? சூப்பர்வைசர்தான் எடுத்தான்."

"அப்போ பொன்னுத்துரை போனுக்கு அது எப்படி வந்துச்சு?"

அக்கரைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை, டிக்கெட் போட்டுக் கொடுத்ததோடு சரி என்பதுதான் அண்ணாச்சி தரப்பு. அந்த வீடியோவைச் சொல்லித்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தார். அது அவர் கையில் இருப்பதே அவருக்கு எதிரான சாட்சி. இவ்வளவு நாளும் அவர் என்னை மிரட்டும்போதெல்லாம் நான் எழுந்து நின்றிருக்கிறேன், ஒருதரம்கூட இதை யோசிக்கவில்லை. எனக்கு பி.இ. பட்டம் கொடுத்தவர்களைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும்.

"அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிருங்க. கோர்ட்ல கேக்க விடாதீங்க" என்றார் மேடம்.

ஜூன் 21

சொல்லப் போனேன். இட்லி நாலு, வடை இரண்டு. வந்துவிட்டேன்.

ஜூன் 23

சொல்லப் போனேன். பூரி. அத்தை பூரி போடுவதே இல்லை, எனக்காகப் போட்டாளாம்.

ஜூன் 25

இன்று போகவில்லை. பட்டினி. நாளைக்குக் கோர்ட்.

ஜூன் 26

அத்தை அண்ணாச்சியின் காரில்தான் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நேரே வந்து, "நேத்து வரல? வயித்துக்கு எதும் போட்டியா இல்லயா? மூஞ்சியப் பாரு" என்றாள். மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். நாலு இட்லி, பொடி தடவியது. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். அதை வெளியே வைத்துவிட்டு வரும்படி டவாலி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணாச்சி உள்ளே வந்தபோது பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கால் தன்பாட்டில் எழப் பார்த்தது. எழவில்லை. பெரிய வீரம்தான். அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

அரசு வக்கீல் வரிசையாகக் கேட்டார். ஆபீஸ், டிக்கெட், கார், படகு, கேட். எழுதிப் பழகியதால் வரிசையாக வந்தது. "எப்படி வெளிய வந்தீங்க?" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கொஞ்சமாகத் தலையாட்டினார், பள்ளிக்கூடப் பையனுக்கு விடை எடுத்துக் கொடுப்பது மாதிரி. கடைசி பெஞ்சில் அத்தை முந்தானையைக் காதோரம் ஒதுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். சட்டை, ஏசி, சிரிப்பு, அரை மணி நேரம் எல்லாவற்றையும். எனக்குப் பதிலாக இசக்கிராஜா உள்ளே இருக்கிறான் என்றேன். மாதா மாதம் வரும் குரலில் கடைசி வரி அவனுடையது இல்லை, நான் எழுதிக் கொடுத்தது என்றேன். நீதிபதி, மெதுவாகச் சொல்லுங்கள், டைப் ஆகவேண்டும் என்றார். நானும் டைப் அடிக்கிறவன்தானே, கமா போட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அந்த வீடியோ இவர் போன்லதான் இருக்கு. போன ஒன்பதாம் தேதி டீக்கடைல எங்கிட்ட சொன்னார்."

அண்ணாச்சியின் வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். அண்ணாச்சியின் கை சட்டைப் பைக்குப் போய், அப்படியே நின்றது. நீதிபதி போனை வாங்கிவைக்கச் சொன்னார். போலீஸ்காரர் கை நீட்டியபோது அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏல, நான் ஒனக்கு என்னலே கொற வச்சேன்?" என்றார். அந்த ஒரு கேள்விதான் அவர் மனசிலிருந்து கேட்டது என்று நினைக்கிறேன்.

என் பெயரிலும் நடவடிக்கை வருமா என்பது பிறகு தெரியுமாம்.

வெளியே வந்தபோது அத்தை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேடம் மனுவை நீட்டினார். அத்தை எழுத்துக்கூட்டி, பேச்சியம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதினாள். மகன் பெயர் இருந்த இடத்தை ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி காரிலும் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாக நடந்து போனாள்.

பொட்டலத்தை வீட்டில் வந்து பிரித்தேன். சாப்பிட முடியவில்லை. என் வரலாற்றிலேயே முதல் தடவை.

ஜூன் 27

கடை பூட்டியிருந்தது.

ஜூன் 28

பூட்டியிருந்தது. மனு டெல்லிக்குப் போய்விட்டது என்று மேடம் சொன்னார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 30

காலை ஏழு மணிக்குக் கொப்பரையில் ஆவி தெரிந்தது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கூட்ஸ் வண்டி போனது. ஐம்பத்தெட்டு பெட்டி. பயந்தவன் எண்ணாமல் என்ன செய்வான்.

கடையில் வேறு ஆள் இல்லை. பெஞ்சில் உட்காராமல் தூணோரம் நின்றேன். அத்தை நிமிரவில்லை. கண் இரண்டும் வீங்கி, நாலு நாளில் பத்து வயது கூடியிருந்தாள். இலையும் போடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன், மனு எழுதுகிறவன் இல்லையா. ஒரு வரியும் வரவில்லை.

வாயில் வந்தது வேறு.

"சாப்ட்டீங்களா அத்தை?"

எத்தனை ஆயிரம் தடவை டைப் அடித்திருக்கிறேன். பதில் என்ன வரும் என்று தெரியாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

அத்தை கரண்டியை வைத்தாள்.

"இல்ல" என்றாள். "எப்புடி எறங்கும்?" என்றாள். அப்புறம் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அவன் அங்க என்னத்த திங்கான்? நெசத்தச் சொல்லு."

காலையில் தண்ணீர் மாதிரி ஒரு கஞ்சி என்றேன். மத்தியானம் உப்பில்லாத சோறு, சில நாள் பன்றிக்கொழுப்பு மிதக்கும் குழம்பு, அவன் அதைத் தொடமாட்டான், வெறுஞ்சோறு தின்பான். ஆள் சிக்காத நாளில் அதுவும் கிடையாது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே படுக்கிறான், யார் அடிக்கிறது, எதால் அடிக்கிறது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் இட்லி கேட்டு வந்தார்கள், எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கொப்பரையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து வாடை வரும்வரை சொன்னேன்.

இந்த முறை யாரும் ஆப்பிள் கொடுக்கவில்லை.